வானத்தோடு பேசும் வண்டிகள் – ஒரு வரலாறு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பக்கம் போனால் வல்லம் வடகால் வரும். பெயரைக் கேட்டால் ஏரிக்கரைக் கிராமம் போல இருக்கும். இன்று அது சிப்காட் தொழிற்பூங்கா. திருவொற்றியூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பிறகு ராயல் என்ஃபீல்டு தன் மூன்றாவது தொழிற்சாலையை 2017இல் இங்கேதான் திறந்தது. டிட்கோவின் வானூர்தி உதிரிபாகப் பூங்காவும் இதே ஊரில். கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010இல் தொடங்கிய கார் ஆலை, பாரத்பென்ஸ் லாரிகள் செய்யும் டெய்ம்லர், வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம். சைக்கிளைத் தவிர எல்லா வண்டியும் இந்த இருபது முப்பது கிலோமீட்டருக்குள் பிறக்கிறது என்று சொல்லிவிடலாம்!

இப்படிப் பிறக்கும் வண்டிகள் இப்போது வெறும் இரும்பு இல்லை. எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது, என்ஜின் சூடாகிவிட்டதா என்று எங்கோ இருக்கும் கணினிக்குச் சொல்லிக்கொண்டே ஓடுகின்றன. நாளைக்கு ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார்கள் வந்தால் இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகும். வல்லம் வடகாலில் இதற்கு எந்தச் சிக்கலும் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் செல்போன் கோபுரம். ஆனால் வண்டி அங்கேயே நிற்பதில்லையே? மலை ஏறும், காட்டுக்குள் போகும், லடாக் வரை போகும். கோபுரம் இல்லாத இடத்தில் அது யாரோடு பேசும்?

"அதுக்குத்தான் சாட்டிலைட் இருக்கே" என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இங்கேதான் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ளாமல் இந்த வரலாற்றைப் படித்தால் ஒன்றும் புரியாது.

ஜிபிஎஸ் என்பது வானொலி மாதிரி. செயற்கைக்கோள்கள் மேலிருந்து நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். கீழே இருக்கும் கருவி அதைக் கேட்டு, குறைந்தது நான்கு கோள்களின் குரலை ஒப்பிட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். கீழே ஒரு வண்டி இருப்பதே அந்தச் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. வானொலி நிலையத்துக்கு நம் வீட்டு ரேடியோ தெரியாதது போல. நம் நாட்டின் நாவிக் கோள்களும் வண்டிக்கு இடம் காட்டுவது இப்படித்தான். 'செயற்கைக்கோள் வழி சுங்கக் கட்டணம்' என்று 2024இல் விதிகள் வந்தபோது வானத்திலிருந்து யாரோ காரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதிலும் இதே கதைதான். வண்டி தன் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது, பிறகு செல்போன் கோபுரம் வழியாக அதை அனுப்புகிறது.

ஆக, வானத்தைக் கேட்பது ஒன்று. வானத்தின் வழியாகப் பேசுவது இன்னொன்று. கேட்க ஒரு சின்னச் சில்லு போதும். பேசுவதற்கு ஆற்றல் வேண்டும், ஆண்டெனா வேண்டும், அலைவரிசை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அரசு அனுமதி வேண்டும்.

சாலையில் ஓடும் வண்டிகளை முதன்முதலில் பெரிய அளவில் இப்படிப் பேச வைத்தது ஒரு லாரிக் கம்பெனி. 1980களில் அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவர் தன் அலுவலகத்தோடு பேச வேண்டுமென்றால் நெடுஞ்சாலையில் லாரியை ஓரங்கட்டி, பொதுத் தொலைபேசிக்கு வரிசையில் நிற்க வேண்டும். சரக்கு ஏற்றும் இடம் மாறிவிட்டதை அடுத்த தொலைபேசிக் கூண்டு வரும்வரை அவருக்குச் சொல்ல வழியில்லை. வெறும் வண்டியாக நூறு மைல் போய்த் திரும்புவது அன்றாடம் நடந்தது. 1985இல் சான் டியாகோவில் இர்வின் ஜேக்கப்ஸும் நண்பர்களும் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம் இதற்கு வழி கண்டது. லாரிக் கூரையில் ஒரு சின்னக் குமிழ். அதற்குள் ஆண்டெனா, லாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் செயற்கைக்கோளைப் பார்த்தபடி சுழலும். ஓட்டுநருக்கு ஒரு விசைப்பலகை. சிறு சிறு எழுத்துச் செய்திகள் மட்டும் போகும், வரும். ஆம்னிட்ராக்ஸ் என்ற இந்த ஏற்பாட்டை 1988இல் முதலில் வாங்கியது ஷ்னைடர் நேஷனல் என்ற லாரி நிறுவனம்.

அந்தச் சிறு நிறுவனத்தின் பெயர் குவால்காம்!

ஆம், இன்று பாதி செல்போன்களுக்குள் உட்கார்ந்திருக்கும் அதே குவால்காம்தான். லாரிகளுக்குச் செய்தி அனுப்பிச் சம்பாதித்த பணம்தான் அந்த நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது. அந்தத் தெம்பில் அவர்கள் சிடிஎம்ஏ என்ற செல்போன் தொழில்நுட்பத்தை வளர்த்தார்கள். 2003இல் நம் ஊரில் 501 ரூபாய் கட்டி வாங்கிய ரிலையன்ஸ் போன் நினைவிருக்கிறதா? அது சிடிஎம்ஏதான். இதில் வேடிக்கை என்னவென்றால், செல்போன் வளர்ந்ததும் லாரிக்குச் செயற்கைக்கோள் தேவைப்படுவது குறைந்துபோனது. கோபுரம் வழியாக அனுப்பினால் காசு குறைவு, கருவி சின்னது. அப்பன் சம்பாத்தியத்தில் படித்த பிள்ளை அப்பன் கடையையே மூட வைத்த கதை. 2013இல் குவால்காம் ஆம்னிட்ராக்ஸை 80 கோடி டாலருக்கு விற்றுவிட்டது.

இந்தியாவில் வண்டியும் செயற்கைக்கோளும் சந்தித்த முதல் காட்சி ஒரு புகைப்படமாக உலகப் புகழ் பெற்றுவிட்டது. மாட்டு வண்டியின் மேல் ஆப்பிள் செயற்கைக்கோள். நாட்டின் முதல் சோதனைத் தகவல் தொடர்புக் கோள் அது. 1981 ஜூன் 19 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. திட்ட இயக்குநர் ஆர்.எம்.வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரானவர். வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்து "பாவம், ஏழை நாடு, லாரிகூட இல்லை" என்று நினைத்ததுண்டு. உண்மை வேறு. ஆண்டெனாவைத் திறந்த வெளியில் சோதிக்க வேண்டும், சுற்றி இரும்பும் காந்தப் புலமும் இருந்தால் அளவு தப்பிவிடும். இரும்பு லாரி உதவாது, மரவண்டி உதவும். மாட்டு வண்டி அங்கே ஒரு அறிவியல் கருவி. செயற்கைக்கோளைச் சோதிக்க வண்டி வந்துவிட்டது, வண்டிக்காகச் செயற்கைக்கோள் வர இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1995 டிசம்பரில் போன இன்சாட்-2சியில்தான் நகரும் கருவிகளோடு பேசுவதற்கென்று எஸ் பேண்ட் வசதி முதலில் வைக்கப்பட்டது. 2002இல் இன்சாட்-3சியிலும் அது தொடர்ந்தது.

எஸ் பேண்ட் என்றால் என்ன, அதற்கு ஏன் இத்தனை மவுசு? டிடிஎச் வீட்டுக் கூரையில் இருக்கும் தட்டைப் பாருங்கள். அது ஒரே திசையை அசையாமல் பார்க்க வேண்டும், காற்றில் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் போய்விடும். ஓடும் வண்டியில் அது நடக்காது. எஸ் பேண்டில் அலைநீளம் அதிகம், சின்ன ஆண்டெனா போதும், குறி பார்த்து வைக்க வேண்டிய தொல்லை குறைவு, மழையும் அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் கீழே ஆண்டெனா சின்னதாக இருக்க வேண்டுமென்றால் மேலே பெரிதாக இருக்க வேண்டும். மெல்லப் பேசுகிறவர் எதிரே காது கூர்மையானவர் இருக்க வேண்டும், இல்லையா? அந்தப் பெரிய காதுதான் ஜிசாட்-6. மடக்கிய குடை போல ராக்கெட்டில் ஏறி, வானத்தில் விரிந்த ஆறு மீட்டர் அகல ஆண்டெனா அதில் இருந்தது. அதுவரை இஸ்ரோ செய்ததிலேயே பெரியது.

ஆனால் அந்தக் குடை விரிவதற்கு முன்னால் நடந்த வழக்குதான் இந்த வரலாற்றின் கசப்பான பக்கம். 2005 ஜனவரி 28 அன்று இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸும் பெங்களூரின் தேவாஸ் மல்டிமீடியா நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ என்று இரண்டு கோள்களை இஸ்ரோ செய்யும். அவற்றின் எஸ் பேண்ட் திறனில் பெரும்பகுதியைத் தேவாஸ் குத்தகைக்கு எடுத்து, போகிற வருகிற இடமெல்லாம் கையடக்கக் கருவிகளுக்குப் படமும் பாட்டும் தரும். சம்பந்தப்பட்ட அலைவரிசை 70 மெகாஹெர்ட்ஸ். 2ஜி விவகாரம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஒப்பந்தமும் வெளிச்சத்துக்கு வந்தது. அலைவரிசையை ஏலம் விடாமல் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. பாதுகாப்புத் தேவைகளுக்கு எஸ் பேண்ட் வேண்டும் என்று சொல்லி 2011 பிப்ரவரியில் அரசு அதை ரத்து செய்தது. தேவாஸ் சர்வதேச நடுவர் மன்றம் போனது. 2015இல் 56 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொல்லி தீர்ப்பு வந்தது. 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், அந்த நிறுவனம் மோசடியில் பிறந்தது என்று சொல்லி அதை இழுத்து மூடும் உத்தரவை உறுதி செய்தது. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அங்கே வழக்கு நடத்தத் தடையில்லை என்றது. யார் பக்கம் நியாயம் என்று வக்கீல்கள் இருபது வருடமாகப் பேசுகிறார்கள். இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. நகரும் கருவிகளுக்கென்று திட்டமிட்ட கோள் ஒன்று, பொதுமக்கள் கைக்கு வராமலே பல வருடம் தள்ளிப்போனது.

ஜிசாட்-6 கடைசியில் 2015 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது. குடை நன்றாகவே விரிந்தது. அதன் தம்பி ஜிசாட்-6ஏ 2018 மார்ச் 29 அன்று போய், இரண்டொரு நாளிலேயே தொடர்பு அறுந்து தொலைந்துபோனது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி வந்தது.

படகும் ஒரு வண்டிதானே? கோபுரமே இல்லாத சாலையில் ஓடும் வண்டி. குமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தள்ளிப் போய் வாரக்கணக்கில் தங்கிப் பிடிப்பார்கள். நவம்பர் 29, 30 தேதிகளில் இலங்கைக்குத் தெற்கே இருந்த தாழ்வு மண்டலம் மிக வேகமாகப் புயலாக மாறிக் குமரிக் கடலைக் கடந்தது. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது படகுகள் எப்போதோ போயிருந்தன. செல்போன் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எட்டும். படகிலிருந்த விஎச்எஃப் வயர்லெஸ்ஸும் ஆழ்கடல் வரை எட்டாது. புயல் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. நாங்கள் இங்கே கவிழ்ந்து கிடக்கிறோம் என்று அவர்கள் சொல்லவும் வழியில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. அவர்கள் கேட்டது முதலில் நிவாரணப் பணமில்லை. தேடுங்கள், எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள் என்பதுதான்.

அந்த நேரத்தில் ஆறு மீட்டர் குடையோடு ஜிசாட்-6 மேலேதான் இருந்தது. இரண்டு வருடமாக இருந்தது. அதோடு பேசும் கருவி அந்தப் படகுகளில் இல்லை.

கருவியே யாரும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் அபாய அறிவிப்புக் கருவியை இஸ்ரோ 2010 முதலே கொடுத்துவந்தது. ஆனால் எல்லாப் படகிலும் அது இருக்கவில்லை. இருந்தவர்களுக்கும் ஒரு குறை. பொத்தானை அழுத்தியபின் செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. நடுக்கடலில் இருட்டில் தத்தளிப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒக்கிக்குப் பிறகு நாவிக் வழியாகப் புயல் எச்சரிக்கை வாங்கும் கருவிகள் வந்தன. அவற்றால் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. ஒன்று பேசும், ஒன்று கேட்கும்! 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் "செய்தி கிடைத்தது, உதவி வருகிறது" என்ற பதில் கடலுக்குத் திரும்பி வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தின்படி 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1 லட்சம் படகுகளுக்கு இருவழியிலும் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் இலவசமாகப் பொருத்த வேண்டும். செலவு சுமார் 360 கோடி ரூபாய். இடி மின்னலிலும் உப்புக் காற்றிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டிய பெட்டி அது. கார் கம்பெனிகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது அதில் நிறைய இருக்கிறது.

கடலுக்கு அடுத்து ரயில். ரயில் எங்கே வருகிறது என்று முன்பெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லி, அதைக் கணினியில் கையால் ஏற்றுவார்கள். 'இன்னும் பத்து நிமிடத்தில்' என்று அறிவித்துவிட்டு ஒரு மணி நேரம் காக்க வைப்பது இதனால்தான் (இது மட்டுமே காரணமில்லை என்பது வேறு விஷயம்). இப்போது ரயில் என்ஜின்களில் ஒரு பெட்டி பொருத்தி வருகிறார்கள். அது இடத்தைக் கணித்து 30 வினாடிக்கு ஒரு முறை சொல்லும். கோபுரம் இருந்தால் செல்போன் வழி, இல்லாவிட்டால் இஸ்ரோவின் எஸ் பேண்ட் கோள் வழி. 2022 வாக்கில் முதல் கட்டமாக 2,700 என்ஜின்களில் பொருத்தி முடித்திருந்தார்கள். இரண்டாம் கட்டத்தில் இன்னும் 6,000 என்ஜின்கள் என்று திட்டம்.

ஆக, இந்தியாவில் வானத்தின் வழியாகப் பேசும் உரிமை முதலில் கிடைத்தது படகுக்கும் ரயிலுக்கும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் என்ன ஆயிற்று?

2012 டிசம்பர் டெல்லி கொடுமைக்குப் பிறகு பொது வாகனங்களில் கண்காணிப்புக் கருவியும் அபாயப் பொத்தானும் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2016 நவம்பரில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. பலமுறை தள்ளிப்போய் 2019 ஜனவரி முதல் புதிய பஸ், டாக்சி போன்றவற்றுக்குக் கட்டாயமானது. இதற்கான தர விதிதான் ஏஐஎஸ்-140. பெட்டிக்குள் ஜிபிஎஸ், நாவிக் கோள்களைக் கேட்கும் பகுதி ஒன்று, செல்போன் கோபுரத்தோடு பேச ஒரு சிம். கோபுரம் இல்லாவிட்டால்? விதி அதையும் யோசித்திருக்கிறது. குறைந்தது 40,000 இடப் பதிவுகளை நினைவில் வைத்திருந்து, கோபுரம் கிடைத்ததும் மொத்தமாக அனுப்ப வேண்டும். சரக்கு எந்த வழியில் போனது என்று முதலாளி மறுநாள் பார்ப்பதற்கு இது போதும். மலைப்பாதையில் சிக்னல் இல்லாத வளைவில் அபாயப் பொத்தானை அழுத்திய ஒருவருக்குப் போதுமா? அவருடைய கூக்குரலும் அந்த நினைவகத்திலேயே காத்துக்கொண்டிருக்கும். ஒக்கிப் படகின் நிலைமைதான், நிலத்தில்.

கார்களும் அதே வழிதான். 2019 மே மாதம் ஹூண்டாய் வெளியிட்ட வென்யூ இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. 'இந்தியாவின் முதல் கனெக்டட் எஸ்யூவி' என்று விளம்பரம் செய்தார்கள். உள்ளே பதித்த சிம் பேசியது செல்போன் கோபுரத்தோடு. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பெயரிலேயே இமயம் இருக்கிறது. 2023 இறுதியில் வந்த அதன் புதிய மாடலில் வட்டத் திரையில் வரைபடம் தெரியும், ஆனால் அது ஓட்டுபவரின் செல்போனிலிருந்து வருவது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக ராணுவம் புல்லட் வாங்கியதுதான் அந்த நிறுவனம் திருவொற்றியூரில் காலூன்றக் காரணம் என்பதை நினைத்தால், வண்டி போகும் பாதைக்கும் அதன் பேச்சு எட்டும் தூரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும்.

வெளிநாடுகளில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2016 டெட்ராய்ட் கண்காட்சியில் டொயோட்டா, கைமெட்டா என்ற நிறுவனத்தின் தட்டையான ஆண்டெனாவைக் கார் கூரையில் பதித்துக் காட்டியது. சுழலும் குமிழ் இல்லாமல், மின்னணு முறையிலேயே கோளைக் குறிபார்க்கும் ஆண்டெனா அது. சீனாவின் ஜீலி இன்னும் துணிந்து, 2022 ஜூனில் தன் கார்களுக்கென்றே முதல் ஒன்பது செயற்கைக்கோள்களை அனுப்பியது. கார் கம்பெனி ராக்கெட் பிடிப்பது புதுசுதான்.

இனி ஓட்டுநர் இல்லாத கார். இதைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஜிசாட் போன்ற கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு செய்தி மேலே ஏறிக் கீழே இறங்கக் கால் வினாடி ஆகும். பதில் வர இன்னொரு கால் வினாடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த அரை வினாடியில் பத்து மீட்டருக்கு மேல் போய்விடும். குறுக்கே ஒரு மாடு வந்தால் வானத்தைக் கேட்டுவிட்டு பிரேக் போட முடியாது! ஸ்டார்லிங்க் போல 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் கோள்களில் இந்தப் பயண நேரம் சில மில்லி வினாடிகள்தான். ஆனாலும் சுரங்கப்பாதையில், மேம்பாலத்தின் அடியில், அடர்ந்த மரங்களின் கீழே அந்தக் குரலும் அறுந்துவிடும். அதனால் பிரேக் போடும் முடிவை எப்போதும் கார்தான் எடுக்க வேண்டும். வானம் தர முடிந்தது வேறு: முன்னால் சாலை சரிந்துவிட்டது என்ற எச்சரிக்கை, புதிய வரைபடம், மென்பொருள் திருத்தம், வண்டி திகைத்து நின்றுவிட்டால் தூரத்தில் இருக்கும் மனிதரிடம் உதவி கேட்க ஒரு வழி. நம் நாட்டில் ஓட்டுநர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று அமைச்சர் நிதின் கட்கரி 2017 முதல் பலமுறை சொல்லியிருக்கிறார், ஓட்டுநர்கள் வேலை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். ஓட்டுநர் இருக்கும் லாரிக்கும் இந்த உதவிகளில் பாதி தேவைப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தொழில்நுட்பத்தை விட இங்கே கடினமாக இருந்தது சட்டம். அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பதே குற்றம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டமும்தான் இதற்கு நெடுங்காலம் அடிப்படை. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கடலில் செயற்கைக்கோள் போன் பயன்படுத்தியது தெரிந்தபின் பிடி இன்னும் இறுகியது. மலையேற வந்த வெளிநாட்டுப் பயணிகள், பையில் இருந்த சிறு அபாய அறிவிப்புக் கருவிக்காக விமான நிலையத்தில் பிடிபட்ட சம்பவங்கள் உண்டு. பாதுகாப்புக் கவலை பொய்யானது இல்லை. ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த முரண்பாட்டை வல்லம் வடகாலை விட நன்றாகக் காட்டும் ஊர் கிடையாது. பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2022 செப்டம்பரில் ஐபோன் 14 தயாரிப்பு தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பக்கூடிய முதல் ஐபோன் வரிசை அதுதான். அந்தச் சேவை அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது, அடுத்து ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்குப் போனது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அந்த ஆலையின் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குவதற்காக 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதல்வர் வல்லம் வடகாலில்தான் திறந்துவைத்தார். வானத்தோடு பேசும் கருவியைக் கோத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் திரும்பும் பெண்களின் ஊர் அது. அந்த பஸ்ஸில் இருப்பது ஏஐஎஸ்-140 பெட்டி.

கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது என்பதும் உண்மை. 2020 டிசம்பரில் பிஎஸ்என்எல், ஸ்கைலோ என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, படகு, லாரி, வயல் கருவி எல்லாவற்றையும் செயற்கைக்கோள் வழியாக இணைக்கும் சேவையை அறிவித்தது. 2022இல் முடிவான உலக செல்போன் தர விதிகளில், சாதாரண மொபைல் சில்லே செயற்கைக்கோளோடு பேசும் முறை முதன்முறையாக இடம்பெற்றது. தனிப் பெட்டி, தனி ஆண்டெனா என்ற செலவு குறைவதற்கு இதுதான் வழி. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், செயற்கைக்கோள் சேவைக்கான அலைவரிசையை ஏலம் இல்லாமல் அரசே ஒதுக்கலாம் என்றது. ஒரு காலத்தில் தேவாஸ் ஒப்பந்தத்தின் மீது விழுந்த பழியே ஏலம் விடவில்லை என்பதுதான்! ஒன்வெப்புக்கு 2021இலும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனிலும் உரிமம் கிடைத்தது. 2025 மே மாதம் டிராய், இந்த நிறுவனங்கள் வருவாயில் 4 சதவீதத்தை அலைவரிசைக் கட்டணமாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. நகரங்களில் வீட்டு இணைப்புக்கு ஆண்டுக்குத் தலைக்கு 500 ரூபாய் கூடுதல் என்றும் சொன்னது. அந்தப் பரிந்துரைகளைச் சுற்றி எழுந்த சண்டை பெரும்பாலும் வீட்டு இணையத்தைப் பற்றியது, ஜியோவும் ஏர்டெல்லும் என்ன சொல்கின்றன என்பதைப் பற்றியது. சிக்னல் இல்லாத வளைவில் நிற்கும் லாரியின் அபாயப் பொத்தான் அந்த வாதங்களில் அதிகம் அடிபடவில்லை.